ஃபேமிலிசர்ச் ஃபுல் டெக்ஸ்ட் சர்ச்: 1780கள்ல கென்டக்கிக்குப் போன மூதாதையரைக் கண்டுபிடிக்க இது போதுமா?

1770, 80கள்ல அப்பலாச்சியன் மலையைத் தாண்டி கென்டக்கி, டென்னசி பக்கம் குடியேறின ஒரு ஆளைத் தேடறீங்கன்னா, காசு கட்டற சைட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஃபேமிலிசர்ச்ங்கற ஃப்ரீ வம்சாவளி சைட்ல இருக்கற ஃபுல் டெக்ஸ்ட் சர்ச்ல (பழைய ரெக்கார்டுல இருக்கற ஒவ்வொரு வார்த்தையையும் தேடற வசதி) உக்காந்து தேடிப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம் யோசிக்கலாம். ரிவ்யூவோட சாரம் இவ்ளோதான். ஏன் இவ்ளோ அடிச்சுச் சொல்றேன்னு விரிவா எழுதறேன், ஏன்னா அமெரிக்காவுல கல்யாணம் பண்ணி செட்டில் ஆனவங்க, பிள்ளைங்களோட இன்னொரு பக்கத்து வம்சமும் தெரியணும்னு ஆசைப்படறவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கீங்க, தமிழ்ல இதைப் பத்தி யாரும் எழுதி நான் பாக்கல.

எங்க வீட்டுக்காரர் பக்கம் கென்டக்கி குடும்பம். ஏழு தலைமுறைக்கு முன்னாடி வந்தவர் ஒருத்தர், அவர் பேரு, அவர் மனைவியோட முதல் பேரு மட்டும், மேடிசன் கவுன்ட்டிங்கற (கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) இடத்துப் பேரு, இவ்ளோதான் மாமியார் கையில இருந்தது. பழைய குடும்ப பைபிள்ல நடுவுல ஒட்டியிருக்கற பக்கங்கள்ல பிறப்பு இறப்பெல்லாம் எழுதி வச்சிருக்காங்க, ஆனா அது அவர் பேரன் காலத்துலேர்ந்துதான் ஆரம்பிக்குது. அதுக்கு மேல போனா வாய்வழியா வந்த ஒரே வரி, "டேனியல் பூன் ஆளுங்களோட கம்பர்லாந்து கணவாய் வழியா வந்தவங்க நாம". பூன் கென்டக்கிக்கு வழி போட்ட பிரபலமான ஆள், அந்தக் கணவாய் அப்பலாச்சியன் மலையைத் தாண்டற வழி. கென்டக்கில பாதி குடும்பம் இதையேதான் சொல்லும், அதனால இதை நம்பறதா விடறதான்னே தெரியாது. மாமியாருக்கு வயசாகுது, தான் இருக்கும்போதே அந்தப் பெரியவரோட மனைவி எந்த வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சுக்கணும்னு அவங்களுக்கு ரொம்ப ஆசை. அதனாலதான் நான் இதுல இறங்கினேன்.

இந்தக் காலத்து ஆளுங்களைத் தேடறது ஏன் இவ்ளோ கஷ்டம்னு முதல்ல புரிஞ்சுக்கணும், இல்லன்னா இந்த டூலோட அருமை தெரியாது. அமெரிக்காவுல சென்சஸ் 1790லயே ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பேரு மட்டும்தான் எழுதுவாங்க, மத்தவங்க எல்லாம் வயசு வாரியா வெறும் எண்ணிக்கைதான், வீட்ல இருக்கற சுதந்திர மக்கள் ஒவ்வொருத்தர் பேரையும் எழுதினது 1850லதான் முதல் முறை. அதுலயும் கென்டக்கியோட 1790, 1800 சென்சஸ் ரெண்டுமே இப்ப இல்ல. பிறப்பு இறப்பு பதிவா, அது மாநிலம் முழுக்க ஒழுங்கா ஆரம்பிச்சது 1911லதான், 1852ல ஒரு சட்டம் போட்டாங்க, ஆனா விட்டு விட்டுத்தான் நடந்துச்சு. அப்போ 1785ல காட்டுக்குள்ள மரவீடு கட்டிக்கிட்டு உக்காந்த ஒருத்தருக்குத் தன் பேர்லயே ஒரு ரெக்கார்டு இருக்கறதுக்கு என்ன வாய்ப்பு? நிலம் சொந்தமா இருந்தா பத்திரம் இருக்கும், சாகறதுக்கு முன்னாடி உயில் எழுதியிருந்தா உயில் இருக்கும், ரெண்டும் இல்லாத ஆளுங்கதான் அதிகம். ஆனா அவர் பேரு மத்தவங்க ரெக்கார்டுல இருக்கும். பக்கத்து நிலத்துக்காரன் பத்திரத்துல சாட்சியா, இன்னொருத்தர் உயில்ல மருமகனா, எவனோ ஒருத்தனோட கேஸ்ல வாக்குமூலம் கொடுத்தவரா, செத்துப் போனவர் வீட்டு ஏலத்துல ஒரு இரும்புப் பானை வாங்கினவரா, ரோடு போட கோர்ட் அனுப்பின ஆளுங்க லிஸ்ட்ல ஒருத்தரா. இண்டெக்ஸ்ல இது எதுவுமே வராது. பத்திர இண்டெக்ஸ்ல வித்தவர் வாங்கினவர் பேரு, உயில் இண்டெக்ஸ்ல உயில் எழுதினவர் பேரு, அவ்ளோதான். உள்ள இருக்கற பேரு வேணும்னா புக்கை முழுசாப் பக்கம் பக்கமா, அதுவும் அந்தக் காலத்துக் கையெழுத்துல படிக்கணும்.

ஃபுல் டெக்ஸ்ட் சர்ச் இந்த இடத்துலதான் கை கொடுக்குது. ஃபேமிலிசர்ச் நடத்தறது யூட்டால இருக்கற மோர்மன் கிறிஸ்தவ சபை, 1938லேர்ந்தே ஊர் ஊரா போய் கோர்ட் ரெக்கார்டுகளை மைக்ரோஃபிலிம் எடுத்து வச்சாங்க, கிட்டத்தட்ட 24 லட்சம் ரோல், அதை டிஜிட்டல் பண்ணி 2021ல முடிச்சாங்க. ஆனா படம் இருந்தாலும் படிக்க ஆள் வேணுமே. 2024ல அமெரிக்க நிலப் பத்திரம், உயில் புக்குகளை ஏஐயை விட்டுப் படிக்க வச்சு, ஒவ்வொரு வார்த்தையையும் தேடற மாதிரி திறந்து விட்டாங்க, அப்புறம் இன்னும் நிறைய சேத்துட்டே வர்றாங்க. ஃப்ரீ அக்கவுண்ட் ஒண்ணு போதும், காசே கிடையாது, அந்த சபைல சேரணும்னு யாரும் கேக்கறதும் இல்ல. பேரை அடிச்சா எந்தெந்தப் பக்கத்துல வருதோ அதெல்லாம் வரும், க்ளிக் பண்ணினா ஒரு பக்கம் அசல் கையெழுத்துப் படம், இன்னொரு பக்கம் டைப் பண்ணின மாதிரி வாசகம். இடம், வருஷம் வச்சு ஃபில்டரும் போடலாம்.

எங்களுக்கு அது என்ன கொடுத்துச்சுன்னு சொல்றேன். பெரியவர் பேரை மட்டும் போட்டப்ப நாடு முழுக்க இருக்கற அதே பேர்க்காரங்க எல்லாம் வந்தாங்க, பிரயோஜனமே இல்ல. அப்புறம் டாக்ஸ் லிஸ்ட்ல அவர் பேருக்கு மேலயும் கீழயும் இருந்த, அதே சில்வர் க்ரீக்ங்கற ஓடை ஓரத்துல இருந்த குடும்பங்களோட பேரையும் சேத்துப் போட்டுத் தேடினேன். அதுல ஒரு உயில் வந்துச்சு. எழுதினவர் பேரு எங்க குடும்பத்துல யாருக்குமே தெரியாது, நாங்க அந்த உயிலைத் தேடியிருக்கவே மாட்டோம். நாலாவது பாராவுல, தன் மகளுக்கு ஒரு பசுவும் கன்னும் ஒரு சிறகு மெத்தையும் கொடுக்கறதா எழுதி, அந்த மகள் இன்னாரோட மனைவின்னு எங்க பெரியவர் பேரைப் போட்டிருக்கார். மகளோட முதல் பேரு, மாமியாருக்குத் தெரிஞ்சிருந்த அந்தப் பாட்டி, அதாவது பெரியவர் மனைவி, பேரேதான். அதுக்கடுத்த பக்கங்கள்ல அவர் செத்தப்புறம் வீட்டுச் சாமான் வித்த லிஸ்ட், அதுல கலப்பை, நூல் நூக்கற ராட்டை, இரும்புப் பானை, குதிரைச் சேணம் எல்லாம் யார் என்ன விலைக்கு எடுத்தாங்கன்னு வரி வரியா இருக்கு, அந்தக் காலத்துல விலையெல்லாம் இன்னும் பவுண்ட் ஷில்லிங்லதான் போட்டிருக்காங்க, ராட்டையை எடுத்தது எங்க பெரியவர். மாமியாருக்கு அந்தப் பக்கத்தைப் பெருசா பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம், அவங்க அந்த ராட்டை வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சாங்க.

ஒரு உயிலை வச்சு மட்டும் முடிவு பண்ணிடக் கூடாது, அதே பேர்ல ரெண்டு பேர் ஒரே கவுன்ட்டில இருக்கறது ரொம்ப சகஜம். அதனால நிலத்தை வச்சு கன்ஃபர்ம் பண்ணினோம். அந்தக் கால வர்ஜீனியா, கென்டக்கி சட்டப்படி புருஷன் நிலத்தை விக்கும்போது மனைவியோட பங்கு போகணும்னா, நீதிபதிங்க அவளைத் தனியா, புருஷன் இல்லாம, கூப்பிட்டு விருப்பப்பட்டுத்தான் சம்மதிக்கறியான்னு கேட்டு எழுதணும். அதனால பொம்பளைங்க பேரு அதிகமா வராத அந்தக் காலத்துல பத்திரத்தோட கடைசில அது வரும். எங்க பெரியவர் நிலம் வித்த பத்திரத்துல அந்தப் பாட்டி பேரு இருந்துச்சு, பக்கத்து எல்லை அந்த உயில் எழுதின மாமனாரோட நிலம்னும் இருந்துச்சு, இது போதும்னு எனக்குப் பட்டுது. எலிசபெத் ஷோன் மில்ஸ்னு இந்தத் துறைல பெரிய ஆள் ஒருத்தங்க, ஆளைத் தேடாதே அவனைச் சுத்தி இருந்தவங்களைத் தேடுங்கற முறையை ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க. முன்னாடி அதுக்கு அந்த கவுன்ட்டி கோர்ட்டுக்கே போய் நாள் முழுக்க புக்கைப் புரட்டணும், இப்ப வீட்ல உக்காந்தே அதைப் பண்ண முடியுதுங்கறதுதான் இந்த டூலோட உண்மையான பலம்.

தேடற விதம் பத்தி சில விஷயம். பேரை மேற்கோள் குறிக்குள்ள போட்டா அப்படியே ஒட்டி வர்ற இடம் மட்டும் வரும், கண்டிப்பா இருக்கணும்கற வார்த்தைக்கு முன்னாடி ப்ளஸ் குறி போடுங்க. ஸ்பெல்லிங் சந்தேகமா இருந்தா நட்சத்திரக் குறி, கேள்விக் குறி வேலை செய்யும், சந்தேகமா இல்லன்னாலும் போடுங்க, ஏன்னா அந்தக் கால க்ளார்க் காதுல விழுந்த மாதிரிதான் எழுதுவார், ஒரே பத்திரத்துல ஒரே ஆள் பேரை மூணு மாதிரி எழுதியிருப்பார். அப்புறம் ரெண்டு எஸ் சேந்து வந்தா முதல் எஸ்ஸை நீட்டி எஃப் மாதிரி எழுதறது அப்போ வழக்கம், ஜெஸ்ஸி, ராஸ் மாதிரி பேர்ல எல்லாம் ஏஐ அதை எஃப்னே படிச்சு வச்சிருக்கும், அதனால எஃப் போட்டும் ஒரு தடவை தேடுங்க. பெரிய எழுத்துல எல்லும் எஸ்ஸும் மாறிப் போறது அதுக்கு அடுத்த தொல்லை. ஆள் பேரே வரலன்னா ஓடை பேரை, பக்கத்து வீட்டுக்காரர் பேரைப் போடுங்க. எது கிடைச்சாலும் அந்த டைப் பண்ணின வாசகத்தை நம்பி எழுதி வச்சுக்காதீங்க, படத்தைப் பெருசாக்கி நீங்களே படிங்க, ஒரு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் அந்த க்ளார்க்கோட கையெழுத்து பழகிடும்.

எந்த கவுன்ட்டில தேடறதுங்கறதுல நிறைய பேர் தடுமாறுவாங்க. 1776 கடைசில கென்டக்கி முழுக்க வர்ஜீனியாவோட ஒரே ஒரு கவுன்ட்டி, 1780ல அது ஃபேயட், ஜெஃபர்சன், லிங்கன்னு மூணாச்சு, அப்புறம் லிங்கன்லேர்ந்து மேடிசன் பிரிஞ்சுது, 1792 ஜூன்ல கென்டக்கி தனி மாநிலம் ஆச்சு. வீட்டை விட்டு நகராத ஒருத்தரோட ரெக்கார்டு மூணு நாலு ஊர்ல சிதறிக் கிடக்கும். இதுக்கு சிகாகோ நியூபெரி லைப்ரரியோட கவுன்ட்டி எல்லை அட்லஸ் இருக்கு, அதுவும் ஃப்ரீ, தேதியைப் போட்டா அன்னைக்கு எல்லை எப்படி இருந்துச்சுன்னு மேப்ல காட்டும், ஃபில்டர்ல இடம் போடறதுக்கு முன்னாடி அதைப் பாத்துடுங்க.

ஃபேமிலிசர்ச்லயே டாக்ஸ் லிஸ்ட் படங்களும் இருக்கு, சென்சஸ் காணாமப் போன வருஷத்துக்கு அதுதான் கதி. வர்ஜீனியால 1782லேர்ந்து வருஷா வருஷம் எடுத்தாங்க, கென்டக்கியும் அதையே தொடர்ந்துச்சு. நிலமே இல்லாதவர் பேர் கூட அதுல வரும், குதிரை எத்தனைன்னு வரும், 1790கள்ல நிலம் எந்த ஓடைக் கரைல இருக்கு, முதல்ல யார் பேர்ல பதிவாச்சுன்னு தனிக் கட்டமே போட்டிருப்பாங்க. ஒரு வருஷம் ஒரு வீட்டுக்குப் பக்கத்துல அதே குடும்பப் பேர்ல புதுசா ஒருத்தர் முளைச்சா, மகனுக்கு 21 வயசு ஆயிடுச்சுன்னு ஓரளவுக்குக் கணக்குப் போட்டுக்கலாம்.

நிலத்துக்கு இன்னொரு சைட் சொல்லியே ஆகணும், கென்டக்கி செகரட்டரி ஆஃப் ஸ்டேட்டோட லேண்ட் ஆபீஸ் சைட். 1779ல வர்ஜீனியா போட்ட சட்டப்படி 1778 ஜனவரி 1க்கு முன்னாடியே வந்து குடியேறினவருக்கு 400 ஏக்கர் உண்டு, அதை ஒட்டி இன்னொரு 1000 ஏக்கரை வாங்கிக்கற முன்னுரிமையும் உண்டு. அந்த சர்வே பேப்பர் எல்லாம் படமாவே போட்டிருக்காங்க. எல்லை எப்படிச் சொல்றாங்கன்னா, ஒரு வெள்ளை ஓக் மரத்துல ஆரம்பிச்சு இத்தனை 'போல்' (pole, பழைய நீள அளவு) கிழக்கே போய் ரெண்டு சுகர் ட்ரீ (ஒரு வகை மேப்பிள் மரம்) வரைக்கும்னு. ஒரு போல் பதினாறரை அடி, நாலு போல் சேந்தா ஒரு சங்கிலி, 66 அடி. சர்வே கீழ ஓரத்துல சின்னதா சங்கிலி பிடிச்ச ரெண்டு பேர் பேரு, மரத்துல வெட்டுக் குறி போட்டவர் பேரு எழுதியிருக்கும், அதைத் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, ஏன்னா காட்டுக்குள்ள அந்த வேலைக்குக் கூட வந்தவங்க பெரும்பாலும் தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரங்கதான். எல்லை எல்லாம் மரத்தை வச்சு இருந்ததால ஒருத்தர் நிலத்து மேல இன்னொருத்தர் நிலம் ஏறி, கேஸு மேல கேஸு. நமக்கு அதுல லாபம், கிழவங்களைக் கூப்பிட்டு நீ எப்போ வந்தே, யார் கூட வந்தே, அந்த மரம் எங்க இருந்துச்சுன்னு வாக்குமூலம் வாங்கி கோர்ட் புக்குல எழுதி வச்சிருக்காங்க, வயசோட சேத்து. ஃபுல் டெக்ஸ்ட் சர்ச்ல அதெல்லாம் மாட்டும்.

அமெரிக்கப் புரட்சிப் போர்ல சண்டை போட்டவர்னா பென்ஷன் ஃபைல் பாருங்க. 1832 சட்டத்துக்கப்புறம் ஆறு மாசம் சர்வீஸ் இருந்தாலே விண்ணப்பிக்கலாம்னு ஆச்சு, கிழவங்க எல்லாம் கவுன்ட்டி கோர்ட்ல வந்து பிறந்த ஊர்லேர்ந்து கதையைச் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் வந்த சட்டங்கள்ல விதவைகள் விண்ணப்பிச்சாங்க, கல்யாணத்தை நிரூபிக்க குடும்ப பைபிள் பக்கத்தையே கிழிச்சு அனுப்பியிருக்காங்க, அந்தப் பக்கம் இன்னைக்கும் ஃபைல்ல இருக்கு. ஃபோல்ட்3ங்கற ராணுவ ரெக்கார்டு சைட்ல சந்தா கட்டிப் பாக்கலாம், அமெரிக்க நேஷனல் ஆர்க்கைவ்ஸ் கேட்டலாக்ல ஃப்ரீயாவே கிடைக்குது. 1800 நவம்பர்ல வார் டிபார்ட்மென்ட்ல தீப்பிடிச்சு அதுக்கு முந்தின விண்ணப்பங்கள் எல்லாம் போயிடுச்சு, அதனால சீக்கிரமே செத்துப் போனவருக்கு ஒண்ணும் இருக்காது.

இதை எழுதும்போது மனசுல உறுத்தற ஒண்ணைச் சொல்லாம விட முடியல. எந்த உயில்ல பாட்டி பேரு கிடைச்சுதோ, அதே உயில்ல பசுவுக்கு முந்தின வரில அடிமையா வச்சிருந்த ஒரு பொண்ணையும் அவ குழந்தையையும் இன்னொரு மகனுக்கு எழுதி வச்சிருக்கார். வெறும் முதல் பேருதான் இருக்கு. மாமியார் ரொம்ப நேரம் பேசல, அப்புறம் அதையும் சேத்து பிரிண்ட் போடச் சொன்னாங்க. அடிமையா இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பேரு சென்சஸ்ல முதல் தடவை வர்றதே 1870லதான், அதுக்கு முன்னாடி அவங்க சந்ததி தேடணும்னா இந்த மாதிரி உயிலும் சொத்துப் பட்டியலும்தான் வழி, ஃபுல் டெக்ஸ்ட் சர்ச்சால அதிகம் பலன் அடையப் போறவங்க அவங்கதான்னு எனக்குத் தோணுது. அதனால உங்க குடும்ப ரெக்கார்டுல அப்படிப் பேர் வந்தா எழுதி வையுங்க, குடும்ப மரத்துல ஒரு குறிப்பாவாவது போடுங்க, தேடிட்டு வர்ற யாருக்காவது கிடைக்கும். ஷாவ்னி, செரோக்கி பழங்குடி மக்களோட வேட்டை நிலத்துலதான் இந்த 400 ஏக்கர் எல்லாம் அளந்தாங்கங்கறதையும் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும்.

குறைன்னு பாத்தா, சில படங்கள் வீட்லேர்ந்து திறக்காது, பக்கத்துல இருக்கற ஃபேமிலிசர்ச் சென்டருக்கோ அவங்களோட சேந்திருக்கற லைப்ரரிக்கோ போய்த்தான் பாக்கணும். எல்லா கவுன்ட்டியும் எல்லா புக்கும் ஏறல, ஃபேயட் மாதிரி க்ளார்க் ஆபீஸே எரிஞ்சு போன இடங்கள்ல எந்த ஏஐயும் ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் அங்கயே இருக்கற பொதுக் குடும்ப மரம், அது எல்லாரும் சேந்து திருத்தற ஒரே மரம், யார் வேணா மாத்தலாம், அதனால அதுல இருக்கறதைக் குறிப்பா எடுத்துக்கோங்க, ஆதாரமா எடுத்துக்காதீங்க. ரெக்கார்டு வேற, மரம் வேற.

காசு கொடுத்து ஆராய்ச்சியாளர் வச்சுக்கலாமான்னா, நல்லவங்க இருக்காங்க, ஆனா என்ன கேக்கணும்னு தெரிஞ்சப்புறம் போங்க. மாமியார் முன்னாடியே ஒருத்தர்கிட்ட கணிசமா காசு கொடுத்திருந்தாங்க, அவர் அழகா பைண்டிங் பண்ணின ரிப்போர்ட்ல பெரியவரை இங்கிலாந்து பிரபு குடும்பம் வரைக்கும் கொண்டு போயிட்டார், நடுவுல ரெண்டு தலைமுறைக்கு ஒரு பத்திரம், ஒரு உயில், ஒரு டாக்ஸ் லிஸ்ட் வரி கூட ஆதாரமா இல்ல. வயசானவங்க ஆசையை வச்சு இப்படிப் பண்றது எனக்குக் கோபமாவே வந்துச்சு. ஒவ்வொரு உறவுக்கும் எந்த புக்கு எந்தப் பக்கம்னு எழுதித் தர்றவர்கிட்ட மட்டும் கொடுங்க.

ஃபுல் டெக்ஸ்ட் சர்ச்சுக்கு என் ரேட்டிங் 5க்கு 4.5. அரை மார்க் குறைச்சது பூட்டி வச்சிருக்கற படங்களுக்காக.

டேனியல் பூன் கதைல ஏதாவது உண்மை இருக்கான்னு பாக்க அடுத்து டிரேப்பர் மேனுஸ்க்ரிப்ட்ஸ்ங்கற பழைய கையெழுத்துத் தொகுப்பை எடுத்திருக்கோம். விஸ்கான்சின் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டில இருக்கற கிட்டத்தட்ட 500 வால்யூம், கென்டக்கிக்கு முதல்ல வந்த கிழவங்களை 1840கள்ல ஜான் ஷேன்னு ஒரு பாதிரியார் நேர்ல பாத்து எழுதின பேட்டியெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு, நிறைய லைப்ரரில மைக்ரோஃபிலிமா கிடைக்கும். இன்னொரு பக்கம், பாட்டியோட அப்பா வட கரோலினா யாட்கின் ஆத்துப் பக்கத்துலேர்ந்து வந்ததா ஒரு வாக்குமூலத்துல ஒரு வரி இருக்கு, அதனால ரோவன் கவுன்ட்டி பழைய பத்திரங்களையும் ஆரம்பிச்சிருக்கேன். ரோவன் கவுன்ட்டி 1760கள் கோர்ட் மினிட்ஸ் (கோர்ட் நடவடிக்கைக் குறிப்புகள்) படிச்சவங்க யாராவது இருந்தா, அதுல சாட்சிங்க பேரும் ரோடு வேலை லிஸ்ட்டும் எந்த அளவுக்கு வருதுன்னு எழுதுங்க.